முட்டை போடாத கேக்

ஏனுங்க, கோயமுத்தூர் பஸ்ஸுக்குத்தானே நிக்கிறீங்க? அப்புறம் ஏன் வெயில்ல காயறீங்க, இக்கட்ட நெழல்ல வந்து உக்காருங்க. எட்டரை பஸ்ஸு எட்டே முக்காலுக்குத்தான் வரும். வந்தாலும் ரோட்டுக்கு அக்கட்டதான் நிக்கும். நான் இங்கிருந்து கை காட்டினாப் போதும், நிறுத்துவான். டிரைவருக்கு என்னைத் தெரியும். சென்னியப்பன்னு கேட்டா யோசிப்பாங்க, "வேண்டாம் சென்னியப்பன்"னு கேட்டா சின்னக் குழந்தைகூட வழி சொல்லும். கடைவீதியில பேக்கரி வெச்சிருக்கேன்.

பார்த்துங்க, அந்த அட்டைப் பெட்டி மேல கை பட்டுறப் போகுது. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

நானா? இல்லீங்க, நான் ஏறல. இந்தா, கையைப் பாருங்க. மஞ்சக் கயிறு. காப்பு. எங்க மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டு இன்னியோட ஒன்பது நாளாச்சு, இன்னும் ஆறு நாள் இருக்குது. அதுவரைக்கும் காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை எதுன்னா, உங்க செருப்புக்குப் பக்கத்துல மஞ்சப் பூசிப் பொட்டு வெச்சிருக்குது பாருங்க, அந்தக் கல்லுதான். அதுக்கு அக்கட்ட தார் ரோடு. அதையும் தாண்டினா பஸ் நிக்கிற எடம். பத்து எட்டு இருக்குமா? பத்து எட்டுதான்.

இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கோயமுத்தூர்ல என்ற பொண்ணுக்குக் கல்யாணம்.

ஆமாங்க, என்ற சொந்தப் பொண்ணுதான். ஒரே பொண்ணு. சிந்துஜான்னு பேரு.

அப்படிப் பார்க்காதீங்க. நீங்க வெளியூர்க்காரரு, பார்த்தாப் படிச்சவரா வேற தெரியுறீங்க. ஒரு நியாயம் கேக்கறேன், பஸ் வர்ற வரைக்கும் சொல்லுங்க. நானும் அர்த்தநாரி அண்ணனும் கூட்டாளிகளா, இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்.

நான் எந்தக் கட்சியும் கிடையாது. என்ற கொள்கை ஒண்ணே ஒண்ணு. யாரும் யாரையும் கேக்கக் கூடாது. அவனவன் ஊடு, அவனவன் கடை, அவனவன் சம்பாத்தியம். சர்க்காருக்கு அங்க என்ன சோலி? ஒரு பன்னு விக்கிறதுக்கு ஏழு கையெழுத்து வாங்கோணுங்க. தராசுக்கு முத்திரை, போர்டுக்கு வரி, அடுப்புக்கு ஒரு சான்று, பொகைக்கு இன்னொரு சான்று. போர்டுல என்ற பேரை நான் எழுதறதுக்கு இவிங்களுக்கு ஏன் நான் அழுவோணும்? எந்தத் திட்டம் வந்தாலும் கூட்டத்துல எந்திரிச்சு "வேண்டாம்"னு சொல்லிப்போடுவேன். அப்படி வந்ததுதான் அந்தப் பேரு. எனக்கு அதுல பெருமைதான்.

நாலு வருசத்துக்கு முன்னால ஒரு ஆபீசர் வந்தாரு. ஏதோ ஒரு சான்று புதுப்பிக்கலையாம். ஷட்டரை எறக்கிச் சீல் வெச்சுட்டுப் போயிட்டாரு. உள்ள நாப்பது கிலோ மாவு பிசைஞ்சு கிடக்குது! கடைவீதியே வேடிக்கை பார்த்துதுங்க. சங்கத்துக்காரன் ஒருத்தன் வரலை. மாமன் மச்சான் ஒருத்தன் வரலை. மறுநாள் காலைல பார்த்தா, ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு அர்த்தநாரி அண்ணன் வர்றாரு. கோயில் தர்மகர்த்தா. அதுக்கு முன்னால நானும் அவரும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டோம். நேரா வந்து என்ற ஷட்டருக்கு முன்னால நாற்காலியைப் போட்டு உக்காந்தாரு. அவரு உக்காந்ததைப் பார்த்துட்டு நூறு பேரு வந்தாங்க. மூணு நாள். மூணாம் நாள் அந்த ஆபீசரே வந்து சீலைப் பிரிச்சுட்டுப் போனாரு.

"ஏனுங்கண்ணா எனக்காக வந்தீங்க?"ன்னு கேட்டேன். "இன்னிக்கு உன்ற கடைக்குள்ள கால் வெச்சவன் நாளைக்கு என்ற கோயிலுக்குள்ள வெப்பான் சென்னியப்பா"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுங்க. இந்த ஊர்ல என்ற கொள்கையைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே மனுசன்னு நெனச்சேன்.

அன்னியிலிருந்து தினம் சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கடைக்கு வந்துருவாரு. ஒரு டீ, ரெண்டு வர்க்கி. சர்க்கார்னு ஆரம்பிச்சா ரெண்டு பேரும் ஒரே வாயாப் பேசுவோம். நான் விட்ட எடத்துல அவரு பிடிப்பாரு, அவரு விட்ட எடத்துல நான் பிடிப்பேன். வேற எதையாவது பேசினா ரெண்டு நிமிசத்துல பேச்சு நின்னுரும், வர்க்கி கடிக்கிற சத்தம்தான் கேக்கும். அதை அப்ப நான் பெருசா எடுத்துக்கல.

இப்பப் பேரூராட்சித் தேர்தல் வருதுங்க, இன்னும் மூணு வாரத்துல. நானும் அவரும் கூட்டணி. எங்க ஆளுங்க ஜெயிச்சாத் தலைவர் நாற்காலி எனக்கு. சின்னம் பூட்டு சாவி. நோட்டீசு அடிச்சோம். இடப்பக்கம் என்ற கோரிக்கை. போர்டு வரி ரத்து, கடைவீதியில சோதனை பண்ண வந்தா முன்கூட்டியே எழுதிச் சொல்லோணும், சந்தைக்கு ஏலம் கிடையாது. வலப்பக்கம் அண்ணனோடது. கோயில் ஊர் கையில இருக்கோணும், திருவிழாவுல யாரும் தலையிடக் கூடாது, ஊர்க் கட்டுப்பாடு காக்கப்படும். அச்சாபீசுல வெச்சு நான் என்ற பக்கத்தைப் படிச்சுப் பார்த்தேன், எழுத்துப் பிழை எதுவும் இல்லை, கையெழுத்துப் போட்டேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுட்டு ரெண்டு பக்கமும் படிச்சாரு. அரை மணி நேரம் படிச்சாரு. நெம்ப நிதானமான மனுசன்.

நோட்டீசைப் பத்திச் சிந்துஜாதான் கேட்டா. "அப்பா, ஊர்க் கட்டுப்பாடுன்னா என்னங்கப்பா?"ன்னு. உனக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம்னேன். விடலை. சொன்னேன். ஊருக்குள்ள ஒரு பழக்கம். சாதி விட்டுச் சாதி கட்டினா அந்த ஊட்டுக் கோயில் வரியை ஊரு வாங்காது. நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டாங்க. அவ்வளவுதான். யாரும் அடிக்கிறதில்லை, உதைக்கிறதில்லை. வரி வாங்கமாட்டாங்க, அவ்வளவுதான்.

"வரியே கூடாதுங்கற ஆளு நீங்க. வாங்காட்டி நல்லதுதானே?"ன்னு சிரிக்கிறா. அதென்னங்க கேள்வி! அந்த வரி வேற, இந்த வரி வேற. சர்க்கார் வரி பலவந்தம். கோயில் வரி நாமளா மனசொப்பிக் குடுக்கறது. அதை வாங்காட்டி நாம ஊர்லயே இல்லைன்னு அர்த்தம். சர்க்கார் ஒண்ணைச் செய்யாதேன்னா அது அதிகாரம். ஊரே சேர்ந்து செய்யாதேன்னா அது பழக்கம். இதை நான் நூறு தடவை யோசிச்சு வெச்சிருக்கேன். அவகிட்டயும் இப்படித்தான் சொன்னேன்.

"நான் ஒப்புக்கலையேப்பா. என்னை யாரு கேட்டா?"ன்னா.

அப்பத்தான் அந்தப் பையனைப் பத்திச் சொன்னா. இளமாறன்னு பேரு. பம்பு கம்பெனியில இன்ஜினீயரு. வேற சாதி.

நான் கத்துனேனா? இல்லை. கை ஓங்குனேனா? இல்லை. பொண்ணைச் சுதந்திரமா வளர்த்தவங்க நான். அவ டாக்டருக்குப் படிக்கோணும்னா, நான் கணக்குப் படின்னேன், படிச்சா. பெங்களூர்ல வேலை கிடைச்சுது, எதுக்கு அவ்வளவு தூரம்னேன், கோயமுத்தூர்லயே இருந்துக்கிட்டா. ஒரு நாள் ஒரு பொழுது அவளை நான் கட்டாயப்படுத்தினதில்லை. அன்னிக்கும் தன்மையாத்தான் சொன்னேன், "உன்ற இஷ்டம் கண்ணு. தேர்தல் முடியட்டும்"னு. அவ சரின்னா. ஒருக்கா தள்ளி வெச்சா. தேர்தல் தேதி மாறுச்சு, இன்னொருக்கா தள்ளி வெச்சா. மூணாவது தடவை ஊட்டுக்கு வந்து ஒரு சீட்டை நீட்டினா. பையன் போன் நம்பர், ஆபீசு விலாசம், தேதி, மணி. "ரிஜிஸ்தர் கல்யாணம். மூணு சாட்சி வேணும். ஒரு கையெழுத்து நீங்க போடோணுங்கப்பா. வேற எதுவும் நான் கேக்கல. அப்புறம் ஒரு கேக். உங்க கையால போட்டது"ன்னா.

ரிஜிஸ்தர் ஆபீசு. சர்க்கார் ஆபீசுங்க! அங்கயும் ஒரு ஃபாரம், ஒரு நோட்டீசு, முப்பது நாள் காத்திருக்கோணும். என்ற பொண்ணு போய் அந்த வரிசையில நின்னிருக்கா. நான் வாழ்நாள் பூரா எந்தக் கதவுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு கத்தினனோ, அந்தக் கதவுதான் அவளுக்குத் தொறந்துச்சாம். அதை அவ வாயாலயே சொன்னா. எனக்கு ஆறவே இல்லை.

ஆனா வர்றேன்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன்.

அதுக்கு மறுநாள்தான் காப்புக் கட்டு. "தலைவரா வரப் போறவரு காப்புக் கட்டினாத்தான் நல்லாருக்கும்"னு நாலு பேரு சொன்னாங்க. முந்தியே அண்ணன் ஒண்ணு கேட்டிருந்தாரு, கம்பம் இருக்கிற பதினஞ்சு நாளும் கடையில முட்டை வேண்டாமேன்னு. சரின்னுட்டேன். முட்டை பப்ஸ் நிறுத்தினேன், கேக்குல முட்டை நிறுத்தினேன். யாரும் உத்தரவு போடலைங்க, நானா நிறுத்தினேன், அதைக் கவனிக்கோணும் நீங்க. இதே ஒரு ஆபீசர் சொல்லியிருந்தா அடுப்புல பாதி முட்டையாவே அடுக்கியிருப்பேன்!

காப்பும் அப்படித்தான், ஒரு நூலுதானேன்னு நெனச்சேன். எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கிடையாது. கல்யாணத்தன்னிக்குக் காலைல முழுக்கைச் சட்டையைப் போட்டுட்டுப் போயிட்டு மத்தியானம் வந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது? பூசாரி கயிறை எடுக்கறாரு, அண்ணன் என்ற கையைப் பிடிச்சுட்டாரு. "சென்னியப்பா, கட்டினாக் கட்டினதுதான். யோசிச்சுட்டுக் கையை நீட்டு"ன்னாரு. "இதுல என்னங்கண்ணா யோசனை"ன்னு சிரிச்சேன். அவரு சிரிக்கலை.

அப்புறம் வரிப் பட்டியல் படிச்சாங்க. வருசா வருசம் ஊடு ஊடாப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. படிக்கிறது அண்ணன்தான். "சென்னியப்பன் ஊடு"ன்னாரு. "இருக்கேன்"னு கையைத் தூக்கினேன். என்னவோங்க, நெஞ்சு நெறஞ்சு போச்சு. சாதி விட்டுக் கட்டின அவரோட சொந்தத் தங்கச்சி ஊடு கோயில் தெருவுலயேதான் இருக்குது. பன்னெண்டு வருசமா அந்தப் பேரைத் தாண்டித்தான் படிக்கிறாரு. அவருதான் படிக்கிறாரு, அவருதான் தாண்டுறாரு. அது எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லாருக்கும் தெரியும். நமக்கு அதைச் செய்யமாட்டாருன்னு நெனச்சேன். கூட்டாளியாச்சே.

இன்னிக்கு விடியறப்பக் கடையில க்ரீம் தடவிட்டு நிக்கறேன். வாசல்ல நெழலாடுது. அண்ணன். இந்நேரத்துக்கு எப்பவும் வரமாட்டாரு. ரிஜிஸ்தர் ஆபீசு நோட்டீசு போர்டுல பேரைப் பார்த்துட்டு யாரோ வந்து சொல்லியிருக்கான்.

"யாருக்குக் கேக்?"ன்னாரு.

"ஆர்டருங்கண்ணா."

"சென்னியப்பா, எங்கிட்டப் பொய் சொல்லாதே. நாலு வருசத்துல நான் உங்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேனா?"

இல்லைங்க. சொன்னதில்லை. கேக்கைப் பார்த்துட்டே நின்னாரு. "போறதுன்னாப் போ. காப்பை அம்மன் முன்னால அவுத்து வெச்சுட்டுப் போ. நான் குறுக்க நிக்கமாட்டேன். யாரையும் நிக்கவும் விடமாட்டேன். ஆனா ஊர்க் கூட்டத்துல கேட்டா, போனான்னுதான் சொல்லுவேன். போகாம இருந்தா, பொண்ணு வேற ஊடு, நீ வேற ஊடு. வரி வாங்கிக்குவோம். தேர்தல் வேலையும் எப்பவும் போல நடக்கும்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "இதுக்குத்தானாண்ணா கூட்டணி வெச்சோம்? யாரும் யாரையும் கேக்கக் கூடாதுன்னுதானே ஒண்ணு சேர்ந்தோம்?"ன்னேன்.

"அது உன்ற பக்கத்துல இருந்துச்சு. என்ற பக்கத்துல இது இருந்துச்சு. ரெண்டுக்கும் சேர்த்துத்தானே கையெழுத்துப் போட்டே"ன்னாரு. சத்தம் போடலைங்க. வருத்தமாத்தான் சொன்னாரு.

அவரு தடுத்திருந்தா நான் போயிருப்பேன்! அம்மன் மேல ஆணையாச் சொல்றேன், ஷட்டரை இழுத்துப் பூட்டியிருந்தாக்கூட ஒடைச்சுட்டுப் போயிருப்பேன். எனக்கு அது பழக்கம். இந்த மனுசன் வழியை விட்டுட்டு ஒதுங்கி நின்னுட்டாரே, நான் என்ன பண்ணுவேன்? போறதுக்கு முன்னால திரும்பிப் பார்த்தாரு. "என்ற தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு நானும் அந்த எல்லைக்கல்லுகிட்டதான் உக்காந்திருந்தேன்"னாரு.

"அப்புறம்?"ன்னேன்.

"அப்புறம் என்ன. பஸ்ஸு போயிருச்சு"ன்னாரு.

இப்பச் சொல்லுங்க. அவரு எனக்குக் கூட்டாளியா, இல்லையா? கோட்டை மீறினது யாருன்னு சொல்லுங்க. அவரா நானா? நானும் காலைலிருந்து யோசிக்கிறேன். அவரு சொன்னதுல ஒரு வார்த்தை மாத்தலை. அதான் எனக்கு ஆத்திரமே.

இந்தக் கேக்கா? பூங்கொடிகிட்டக் குடுத்து விடலாம்னுதான் நெனச்சேன். பூங்கொடி என்ற சம்சாரம். பொம்பளைங்களுக்குக் காப்புக் கிடையாது. தவிர, பொம்பளை போறதையெல்லாம் ஊரு கணக்குல எடுத்துக்காது. அதனால அவளை நானே பஸ் ஏத்தித் தாட்டி விடலாம்னு முடிவு பண்ணி, பெட்டியைக் கட்டி எடுத்துட்டு ஊட்டுக்குப் போனேன். ஊடு பூட்டிக் கிடக்குது. பக்கத்து ஊட்டம்மாகிட்டச் சாவியைக் குடுத்துட்டு ஆறு மணி பஸ்ஸுக்கே போயிட்டாளாம். பட்டுச்சேலை கட்டிட்டுப் போனாளாம்.

எங்கிட்டக் கேக்கவே இல்லைங்க. முப்பது வருசத்துல சந்தைக்குப் போறதுன்னாக்கூட "போயிட்டு வரட்டுங்களா"ன்னு கேட்டுட்டுப் போறவ. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இருங்க, எந்திரிக்காதீங்க, அது லாரி சத்தம். பஸ்ஸுன்னா எனக்குத் தெரியும். இதுக்கு அடுத்தது பத்தரைக்குத்தான். அதுல போனா எல்லாம் முடிஞ்சிருக்கும்.

ரெண்டு தடவை எந்திரிச்சுக் கல்லு வரைக்கும் போனேன், நீங்க வர்றதுக்கு முன்னால. யாரும் பார்க்கலை. ரோடு காலியா இருக்குது. கயிறை இழுத்தா அறுந்துரும், நூலுதானே. அப்பல்லாம் அந்தப் பட்டியல்தான் காதுல கேக்குது. "சென்னியப்பன் ஊடு." அதை அடுத்த வருசம் தாண்டிப் படிச்சா? அவரு குரல் ஒரு எடத்துல நிக்காதுங்க, வழுக்கிட்டுப் போயிரும். தங்கச்சி பேருக்கு நின்னதே இல்லை. அதான் ரெண்டு தடவையும் திரும்பி வந்து உக்காந்துட்டேன். வெக்கமா இருக்குதுங்க சொல்றதுக்கு.

இதா வர்றான். பஸ்ஸேதான். அந்த வளைவுல திரும்பறான் பாருங்க. ஏய்! நிறுத்துப்பா! ஆளிருக்குது!

உங்களுக்குப் புண்ணியமாப் போகுதுங்க, இந்தப் பெட்டியை எடுத்துக்குங்க. ரோட்டுக்கு அக்கட்ட கொண்டாந்து குடுக்கக்கூட என்னால ஆகாது. கவுத்துராதீங்க, அடியில கை குடுங்க, ஆங், அப்படித்தான். இந்தச் சீட்டுல நம்பர் இருக்குது. கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒருக்கா கூப்பிட்டீங்கன்னா மாப்பிள்ளை வந்து வாங்கிக்குவாரு. நல்ல பையனாத்தான் இருக்கோணும். நான் பார்த்ததில்லை.

கேக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கும்னு சொல்லுங்க. முட்டை போடலை. அவளுக்கு முட்டை போட்டாத்தான் பிடிக்கும். பொறந்த நாளுக்கெல்லாம் நாலு முட்டை சேர்த்துத்தான் போடுவேன். இந்த வருசம் முடியலைன்னு சொல்லுங்க.

மேல பேரு எதுவும் எழுதலைங்க. கடையில யாரு கேக் வாங்கினாலும் முதல்ல "என்ன பேரு எழுதட்டும்?"னுதான் கேப்பேன். இதுல சிந்துஜா, இளமாறன்னு எழுத க்ரீம் எடுத்தேன், கை வரலை. வழியில எவனாவது தொறந்து பார்த்துட்டு வந்து சொல்லிட்டான்னா? வெள்ளையாவே விட்டுட்டேன். யாரு குடுத்தாங்கன்னு கேட்டா, பேக்கரியில குடுத்து விட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவளுக்குத் தெரியும். வாங்கிக்குவா. வாங்கிக்குவாளில்ல?

போங்க, போங்க, கண்டக்டர் விசில் அடிக்கிறான். பார்த்து ரோட்டைத் தாண்டுங்க. ஏறிட்டீங்களா? பக்கத்து சீட்டுல வெக்காதீங்க, பிரேக் போட்டாச் சரிஞ்சுரும்! மடியில வெச்சுக்குங்க! ஏனுங்க! சாட்சிக்கு யாரு கையெழுத்துப் போட்டாங்கன்னு ஒருக்கா பார்த்துட்டு வந்து சொல்றீங்களா? சாயந்திரம் திரும்பறப்ப இங்கதான் எறங்கோணும்! நான் இங்கயேதான் இருப்பேன்! எங்க போகப் போறேன்!